மாரப்பன் கேட்ட தாய்த் தகடு

இசைத்தட்டு ஏஜெண்டு என்று சொல்லிக்கொண்டு ஊருக்குள் நுழைகிறவனை நாய்கூட இரண்டு தடவை மோந்து பார்த்துத்தான் விடும். என்னைப்போலப் பெட்டி தூக்கிப் பிழைத்தவர்களுக்கு இது தெரியும்.

நான் இசைத்தட்டுக் கம்பெனியின் கோயமுத்தூர்க் கிளையிலிருந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சுற்றிய காலம். பாட்டை மெழுகில் பிடித்து, அதிலிருந்து எடுக்கும் முதல் உலோகத் தகட்டுக்குத் தொழிற்சாலையில் 'ஃபாதர்' என்று பெயர். ஃபாதரிலிருந்து 'மதர்', மதரிலிருந்து 'ஸ்டாம்பர்' என்கிற அச்சு. கடைக்கு வரும் அரக்குத் தட்டு அந்த அச்சில் அழுத்தியது. இந்தக் குடும்ப வரலாற்றை வெளியாரிடம் யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நோம்பி

உடுக்கை அடித்துக் கதை பாடும் மாரப்பனை நான்தான் சென்னைக்குக் கூட்டிப்போய்த் தட்டுக்குப் பாட வைத்தேன். தட்டு நன்றாக விற்றது. ஆனால் வருஷம் தவறாமல் நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, அவரைப் பாடக் கூப்பிடும் ஊர்க் கவுண்டர் அந்தத் தடவை கூப்பிடவில்லை. கோயில் வாசலில் கிராமபோனை வைத்து, மாரப்பனின் தட்டையே திருப்பித் திருப்பிப் பாடவிட்டார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"பொட்டிக்குச் சோறு ஆக்க வேண்டாமுங்க, வெத்தலை பாக்கு வெக்க வேண்டாமுங்க, பாதியில தொண்டை கட்டிக்கிச்சுன்னும் சொல்லாதுங்க."

நிபந்தனை

அடுத்த தட்டுக்குப் பேசப் போனபோது மாரப்பன் முகம் கொடுக்கவில்லை. மற்ற ஊர்க்காரர்களும் கிராமபோன் விலையை விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள். நோம்பி போனால் அவர் குடும்பத்துக்கு வேறு பிழைப்பில்லை. தட்டு அடிக்கும் அச்சு தேய்ந்து போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மதர் என்கிற தாய்த் தகட்டிலிருந்து புது அச்சு எடுப்போம் என்று உளறிவைத்தேன். அது இல்லாவிட்டால் புதுத் தட்டே வராது என்று கணக்குப் போட்டார்.

"அப்ப அந்தத் தாயி எம்பட ஊட்டுல இருக்கட்டுங்க. அது வந்தாத்தான் அடுத்த பாட்டு."

மானேஜர்

எரிந்து விழுவார் என்று நினைத்த கிளை மானேஜர் சிரித்தார். தொழிற்சாலைக்கு எழுதித் தகட்டை வரவழைத்தும் விட்டார். எனக்கு அதுதான் இடித்தது. ஒரு கிராமபோன் முள் டப்பா இலவசமாகக் கேட்டாலே குறுக்கு விசாரணை செய்கிற மனுஷர்! தேய்ந்த அச்சு ஒன்றைப் பொட்டலம் கட்டி என் தலையில் கட்டுகிறாரோ என்று தோன்றியது. மதர்தானா சார், என்று கேட்டே விட்டேன்.

"தாயைத்தானே கேட்டான்? தாயையே கொண்டுபோய்க் கொடும்."

சுங்கச் சாவடி

வேலந்தாவளத்தில் கொச்சி ராஜ்யத்து எல்லைச் சேவகர் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பளபளவென்று உலோகத் தகடு. கள்ளக்காசு அடிக்கும் அச்சு என்று முடிவு கட்டி, ராஜாவின் தலையைத் தேடி இரண்டு பக்கமும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் பாட்டு இருக்கிறது என்றேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு என்னை முறைத்தார். மேலதிகாரி வந்து விடச் சொன்ன பிறகும் அவருக்கு மனசில்லை.

"சாரே, இத்தனை பெரிய காசு ஏது ராஜ்யத்துல செல்லும்? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

சோதனை

மாரப்பன் தகட்டைக் கையால் தொடவில்லை. கவுண்டர் வீட்டுக் கிராமபோனில் அது பாடினால்தான் வாங்குவேன் என்றார். மானேஜர் கொடுத்தது அச்சாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வேன். அச்சில் கோடுகள் பள்ளமாக இராது, மேடாக இருக்கும்; முள் நிற்காமல் வழுக்கிவிடும். மதரானால் பாடும். தகட்டில் கீறல் விழாமலிருக்க மூங்கில் முள்ளைப் பொருத்தி, மெதுவாக வைத்தேன். உடுக்கைச் சத்தம் கணீரென்று கேட்டது. மானேஜரை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

மாரப்பன் முழுப்பாட்டையும் கேட்டார். முடிந்ததும், இது எதிலிருந்து வந்தது என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை, ஃபாதர் என்கிற அப்பன் தகட்டிலிருந்து என்றேன். அது தொழிற்சாலையில் இருக்கிறவரை எத்தனை மதர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. மானேஜர் எதற்குச் சிரித்தார் என்பதும் விளங்கியது. மாரப்பன் தகட்டைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்தார்.

"ஏனுங்க, அப்பனை அங்க வெச்சுக்கிட்டுத் தாயிய மட்டும் இங்க அனுப்புனா, எம்பட பொழப்பு எப்படிங்க திரும்பி வரும்?"

ஊரார் சந்தேகத்தால் எங்கள் பிழைப்பு கெடுகிறதென்று மற்ற ஏஜெண்டுகளோடு சேர்ந்து நானும் இன்னும் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் சந்தேகப்பட்டவர்களில் பாதிப் பேருக்காவது அதற்குக் காரணம் இருந்தது.