குழியில் இறங்காத ஞாயிறு

தியோடருக்குப் பாறையோடு பேச்சுவார்த்தை உண்டு என்று அவன் குடியிருக்கும் நீலசந்திராவில் கேலி செய்வார்கள். கேலியில் பாதி உண்மை. ஆனேக்கல் பக்கத்துக் கருங்கல், குழம்பாக இருந்து உறைந்த காலத்தில், அதற்குள் இருந்த இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைக் காட்டியபடியே நின்றுவிட்டன. அவை படுத்திருந்தால் இந்த நிலம் அப்போது பூமத்திய ரேகைப் பக்கம். செங்குத்தாக நின்றால் துருவத்துப் பக்கம். இந்தியா அன்று எங்கே கிடந்தது என்று சொன்னால் முனைவர் பட்டம். அந்தப் பட்டத்தை நம்பித்தான் அவன் மனைவி லவினா தன் டீச்சர் சம்பளத்தில் குடும்பத்தை இழுத்தாள்.

1993இல் கல்குவாரி மேஸ்திரி தானாகவே சொன்னார். "ஞாயித்துக்கெழம வாங்க சார். அன்னைக்குத்தான் வெடி இல்ல. குழிக்குள்ளயே எறங்கி எடுத்துக்கலாம்."

ஞாயிறு என்றால் சர்ச்சில் பூசை. கோவில் பாடகர் குழுவுக்குத் தியோடர்தான் தலைவன்.

"ஒரு வாரம் போயிட்டு வாங்களேன்" என்றாள் லவினா.

"நான் இல்லன்னா பாட்டு நின்னுடும்."

வெடி வைக்கும் சனிக்கிழமைகளில் குழிக்குப் போக முடியாமல், குவாரிக்கு மேலிருந்த குன்றின் உச்சிக்கு ஏறினான். அதுவும் அதே கல்தானே என்ற தெனாவட்டு. துளை போட்டு, கல்லைப் பெயர்க்கும் முன்பே வடக்கைப் பார்த்து அதன்மேல் அம்புக்குறி கீறி, வருடக்கணக்கில் சுமந்து வந்தான்.

ஆய்வேடு திரும்பி வந்தது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு திசையைக் காட்டியது. உச்சிப் பாறையில் காலங்காலமாக இறங்கிய மின்னல் பழைய காந்தத்தைக் குலைத்துவிட்டிருந்தது. ஆழத்துக் கல் வேண்டும் என்றார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். 1999இல் குவாரிக்கு ஓடினான். குழியில் தண்ணீர் நின்றது. அந்தக் கல் மின்னல் தொடாத ஆழத்தில் திறந்து கிடந்த இடம் அது ஒன்றுதான்.

"எல்லாம் ஜல்லியா போயிடுச்சு சார்" என்றார் மேஸ்திரி. "வைட்ஃபீல்டுல ஆபீஸ் கட்றாங்கல்ல."

அம்பு கீறாமல் உடைத்த கல் எந்த வடக்கையும் சொல்லாது. தியோடர் இப்போது வைட்ஃபீல்டில் அப்படியொரு ஆபீஸில்தான் கம்ப்யூட்டர் கையேடு எழுதுகிறான். கோவில் பக்கம் போவதில்லை. கடவுள்மேல் கோபம் என்கிறான். தன்மேல்தான் என்பது அவனுக்கே தெரியும்.

போன ஞாயிறு லவினா பூசை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினாள்.

"பாட்டு யாரு நடத்துறா?" என்று கேட்டான்.

"நோயல். ரெண்டு வருஷமா அவன்தான்."

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் லவினா. "ஒரு வாரங்கூட நிக்கல."