கப்பலில் வராத சருகு

என் கணவர் சவூதியிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்ட வருஷம். மாசி மாதத்து மத்தியானம் ஒன்றில், மொபெட்டின் முன்னால் ஒரு பெரிய சாக்கு மூட்டையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அதுவரை அவர் கொண்டுவந்த மூட்டைகளில் போர்வையும் பால்மாவும் பேரீச்சம்பழமும்தான் இருந்திருக்கின்றன. ஆவலாகப் போய்ப் பிரித்தேன். உள்ளே முழுக்கச் சருகு.

பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஒரு பட்டறை இருக்கிறது. அதன் வாசலில் நிற்கும் வாதாங்கொட்டை மரம், உதிர்ப்பதற்கு முன் இலையையெல்லாம் சிவப்பாக்கிக்கொள்ளும். விழுந்ததைத் தினமும் கூட்டிக் குவித்துத் தீ வைப்பார்கள். அந்தக் குவியலைத்தான் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

நானோ, விடியற்காலையில் சுபுஹு தொழுத கையோடு வாசலையும் புறவாசலையும் ஒரு இலை இல்லாமல் கூட்டினால்தான் சாயா குடிப்பவள். அவர் புறவாசலில் புதிதாகப் போட்டிருந்த கத்தரி, மிளகாய்ப் பாத்திகளில் அந்தச் சருகை அள்ளி அள்ளிப் பரப்புவதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"நான் குப்பைய வெளிய தள்ளுதேன், நீங்க ஊரான் வீட்டுக் குப்பைய உள்ள கொண்டாந்து கொட்டுதிய!"

"குப்பை இல்ல புள்ள, இது மூடாக்கு. இப்படி மூடிவிட்டா வெயிலு மண்ண உறிஞ்சாது. ஊத்துன தண்ணி அங்கனயே நிக்கும்."

"இதெல்லாம் எங்கன கத்துக்கிட்டிய?"

கத்தரிக் கன்றின் தண்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டுச் சருகை ஒதுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அங்கன நான் செஞ்ச வேலையே இதுதான."

இத்தனை வருஷமும் போனில் கேட்டபோதெல்லாம் 'கம்பெனி வேலை' என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் ஏதோ கண்ணாடிக் கட்டடம், குளிரூட்டிய அறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ரோட்டோரத்துத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. செடிகளின் அடியில் போட, மரப்பட்டைத் துண்டுகளைப் பை பையாக வெளிநாட்டிலிருந்து இறக்குவார்களாம்.

"கப்பல்ல வரும் புள்ள. நாங்க கையால பரப்புவோம். இங்கன சும்மா உதிருது, தீ வேற வைக்காவ."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"தோட்டக்காரன்னு தெரிஞ்சா உங்க வாப்பா மனசு சங்கடப்படுமேன்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க வாப்பா வெத்தலக் கொடிக்கால்ல தண்ணி எறைச்சவுக! கேட்டா சந்தோசப்படுவாவ." அன்று சாயங்காலமே வாப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். மாமனாரும் மருமகனும் மண்ணைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. முந்தியெல்லாம் சலாம் சொல்லி, சுகமா என்று கேட்டதும் போன் என் கைக்கு வந்துவிடும்.

மறுநாளிலிருந்து நானும் சாக்கைப் பிடிக்கப் போனேன். எல்லாப் பாத்திகளும் சிவப்பும் பழுப்புமாக மூடிக்கொண்டன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஆனி பிறந்தது. மேற்கே மலையில் சாரல் என்றால் எங்களுக்குக் காற்று மட்டும்தான். ஒரு காலையில் அது வந்தது பாருங்கள், பாத்தியில் மேலாக இருந்த சருகெல்லாம் எழுந்து சுவரைத் தாண்டிப் போய்விட்டது. பக்கத்து வீட்டு மாமி மாடியில் கூழ்வற்றல் பிழிந்து காயப் போட்டிருந்தார். ஈர வற்றல் மேல் போய் அத்தனையும் ஒட்டிக்கொண்டது.

"ஏம்மா, ஒன் மாப்பிள்ளைக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? என் வத்தலைப் பாரு!"

நாங்கள் இரண்டு பேரும் மாமி வீட்டு மாடிக்கு ஓடினோம். இவர் கையோடு எடுத்துப்போன கட்டில் விரிப்பை விரித்துச் சருகைப் பிடிக்கப் பார்த்தார். காற்று விரிப்பைச் சுருட்டி அவர் தலையிலேயே போர்த்திவிட்டது. உள்ளே இருந்துகொண்டு, "பைய, பைய, எந்தப் பக்கம் போவட்டும்?" என்று கேட்கிறார். திட்டிக்கொண்டிருந்த மாமி முதலில் சிரித்தார். பிறகு நான். இவர் விரிப்புக்குள்ளிருந்தே சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். சிரித்து முடித்த பிறகு மூன்று பேருமாக வற்றலிலிருந்து சருகைப் பொறுக்கினோம்.

"அங்கன இப்படிப் பறக்காது. கனமான பட்டைல்லா," என்றார் இறங்கும்போது, கொஞ்சம் வாட்டமாக. எனக்குப் பரண் ஞாபகம் வந்தது. கிழிந்த கொசுவலை ஒன்று அங்கே சும்மா கிடந்தது. மிஞ்சிய சருகில் தண்ணீர் தெளித்து, மேலே வலையை விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தோம். செடி இருந்த இடத்தில் மட்டும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிட்டேன். "இது எனக்குத் தோணலையே," என்று வலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

ஆடிக் காற்றுக்கும் அது அசையவில்லை. ஒரு மத்தியானம் வலையைத் தூக்கி, சருகுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். வெளியே தரை காலைச் சுட்டது. உள்ளே மண் தயிர்ப் பானை மாதிரி குளுகுளுவென்று இருந்தது. அடியில் இருந்த இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிப் பொடிந்துகொண்டிருந்தன. ஒரு மண்புழு என் விரலைத் தொட்டுவிட்டு உள்ளே போனது. கத்திக் கூப்பிட்டேன். பாம்போ என்று பதறி ஓடிவந்தவர், புழுவைப் பார்த்ததும் "மாஷா அல்லாஹ்!" என்று பக்கத்தில் குந்திக்கொண்டார். தினமும் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீரை, ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலே போதும் என்றாகிவிட்டது.

அந்த வாரம் பறித்த கத்தரிக்காயில் பாதியை மாமிக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட மாமி, மறுநாள் தன் வீட்டு வேப்பஞ்சருகை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வைத்தார். "எல எனக்கு எதுக்கு? ஒங்களுக்குத்தான் ஆவும்."

இப்போது காலையில் சாயா முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்புகிறோம். காலிச் சாக்குகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு பாத்தி எனக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறேன். அதில் மல்லிகை வைக்கப்போகிறேன். அவர் அவரைக்காய் என்கிறார். பட்டறை வாசல் வருகிற வரை வண்டியில் அந்தச் சண்டைதான்.