மாமா மிதித்த பாட்டு

பாட்டு என்றால் சுருதி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் ஒரு பாடமாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர்கள். எனக்குத் தெரிந்த எதுவும் வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது என்பதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சமல்ல.

கொழும்பில், வெள்ளவத்தையில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தோம். அப்பா சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை செய்தார். கடை முதலாளி வேண்டாமென்று கொடுத்த பழைய ரேப் ரெக்கோடர் ஒன்று எங்களிடம் இருந்தது. அதில் போட்டுக் கேட்க இருந்ததோ ஒரே ஒரு கசெட். யாழ்ப்பாணத்திலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தெரிந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது.

மாமாவுக்கு எழுதத் தெரியாது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் கடிதத்துக்குப் பதில் கசெட். சண்டையால் அங்கே அப்போது மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி மிதித்து, டைனமோவில் வரும் கரண்டில்தான் எதையும் ஓட்டுவார்கள். மாமா மிதித்திருக்கிறார், மாமி ரெக்கோடருக்கு முன்னால் இருந்து ஐந்து பக்திப் பாட்டுகள் பாடியிருக்கிறார். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அதைக் குறையாகச் சொன்னபோது, "மிதிக்கிறவனுக்குக் கதைக்க எங்காலை மூச்சு?" என்றார் அம்மா.

அந்தக் கசெட்டைப் போல் என்னை வதைத்தது வேறொன்றும் இல்லை. பாட்டுக்கு அடியில் டயரில் டைனமோ உரசும் இரைச்சல் விடாமல் கேட்கும். மாமா ஊக்கமாக மிதித்து நாடா வேகமாகப் பதிந்த இடங்களில், இங்கே போடும்போது மாமியின் குரல் கிழவர் குரல்போல இழுபடும். அவர் களைத்த இடங்களில் குரல் மெலிந்து, பாட்டு தலைதெறிக்க ஓடும். மூன்றாம் பாட்டின் நடுவில் கீச்சென்று அறுந்து மறுபடி தொடங்கும்.

"இதிலை இறங்கித் தண்ணி குடிச்சிருக்கிறான்," என்பார் அம்மா, அரிசி களைந்தபடி.

அம்மாவுக்கும் மாமிக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. மனம் நல்லாயிருக்கும் நாட்களில், "உவளுக்கு உந்தத் தொண்டையோடை பாட்டும் வேறை!" என்று நையாண்டி செய்துகொண்டே கேட்பார். ஊரில் ஷெல் விழுந்ததாக யாராவது சொல்லிவிட்டால் நையாண்டி இராது. அன்று அதே கசெட் நான்கு தடவை ஓடும், ஐந்து தடவை ஓடும். பிடிக்காத ஒருத்தியின் பிசகான பாட்டை ஒரு மனுஷி எதற்காக இப்படிக் கேட்க வேண்டும்?

"அம்மா, நிப்பாட்டுங்கோ. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. எனக்குப் படிக்கேலாமல் கிடக்கு."

"நீ படி பிள்ளை. அது தன்ரைபாட்டிலை ஓடட்டும்."

பள்ளிக்கூட விழாவுக்குப் பாட்டுப் பழக என் வகுப்புத் தோழி ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். டொக்டரின் மகள். படியேறி வரும்போதே கசெட் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று காதைப் பொத்தினாள்.

"என்னடி இது, பேய் பாடுதோ?"

அம்மாவும் அவளோடு சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் முகம் எரிந்தது. அடுத்த சனிக்கிழமையும் அவள் வருவாள். அதற்குள் இந்தப் பேயை ஓட்டிவிட வேண்டுமென்று முடிவு செய்தேன்.

காலி வீதி என்ற பெரிய றோட்டில், கசெட்டில் பாட்டு அடித்துக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கசெட்டைக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணா சிறிது போட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, இது ஆர், பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டு பாடினதோ?"

"இதைத் திருத்தித் தரேலுமோ?"

"இதைத் திருத்தேலாது. ஆனால் இதே பாட்டுகள் பெரிய வித்துவான் பாடினது என்னட்டை இருக்கு. இதுக்கு மேலாலை அடிச்சுத் தரட்டோ?"

அதே ஐந்து பாட்டுகள். அதே வரிசையில்கூட அடிக்கலாமாம். கணக்குப் பார்த்தால் ஒன்றும் குறையவில்லை, பிழைகள் மட்டுமே போகின்றன. "மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்கு, அதிலையும் அடியுங்கோ," என்றேன்.

அன்று பின்னேரம் அம்மாவைக் கூப்பிட்டு இருத்தி, பட்டனை நானே அமத்தினேன். தம்புரா எழுந்தது. மிருதங்கம் சேர்ந்தது. வித்துவான் கோடு போட்டதுபோல் நேராகப் பாடினார். அம்மா ரேப் ரெக்கோடரைப் பார்த்தார்.

"ஆற்றை கசெட் இது? எங்கடை எங்கை?"

"இதுதானம்மா அது. அதே பாட்டுகள். இப்பதான் சரியாப் பாடுது."

அம்மா கசெட்டை வெளியே எடுத்துப் பார்த்தார். மாமா கையில் அகப்பட்ட பேனையால் பெயருக்குப் பதிலாகக் கீறியிருந்த புள்ளடி அதில் அப்படியே இருந்தது. மற்றப் பக்கத்தைப் போட்டுக் கேட்டார். மறுபடி முதல் பக்கத்துக்கு மாற்றினார். மூன்றாம் பாட்டு வந்தபோது குனிந்து, காதை ஸ்பீக்கரோடு வைத்தார். வித்துவான் எங்கும் நிற்காமல் பாடி முடித்தார்.

இவ்வளவு செய்ததற்கு ஒரு பாராட்டுக்கூட இல்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எப்பிடியம்மா இருக்கு? சொல்லுங்கோவன்!"

அம்மா என் தலையைத் தடவினார்.

"நல்லாத்தான் கிடக்கு பிள்ளை. ஒரு சத்தமும் இல்லை."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும், வழி சுற்றென்றும் பாராமல் அந்தக் கடைக்குப் போனேன். "அண்ணா, அம்மா சொன்னவ, ஒரு சத்தமும் இல்லையாம்!" என்றேன். அவருக்கு வாயெல்லாம் பல். எனக்கும்தான்.