இரண்டு வேனும் ஒரு மாப்பிள்ளையும்

போன சனிக்கிழமை என் மருமகனைத் தொலைத்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் கல்முனை வழக்கப்படி பெண் வீட்டுக்குக் குடிவந்து பத்தே நாளான புது மாப்பிள்ளை! அவரும் என் மகளும் நாலு பேர் முன்னால் பேசி யாரும் கேட்டதில்லை. அவ்வளவு வெட்கம்.

அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் பொத்துவில் பக்கம் கூட்டிப்போனோம். ஆண்களுக்கு ஒரு வேன், பெண்களுக்கு ஒரு வேன். பாறை மலையில் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு நீரும் காடும். பழைய குகைகள், தேய்ந்துபோன கல்வெட்டு... மாப்பிள்ளை கல்வெட்டை விட்டு நகரவில்லை. நாங்கள் புரியாணிச் சட்டியை விட்டு நகரவில்லை!

திரும்பும் வழியில் அக்கரைப்பற்றில் தேநீருக்கு நிறுத்தினோம். மகள் ஒரு போனோடு வந்தாள். படம் எடுக்க மாப்பிள்ளையிடம் வாங்கியதாம்.

"வாப்பா, இத அவருக்கிட்டக் குடுங்க. ஒங்கட வேன்லதானே இரிக்காரு?"

"இல்லியே மகள்... ஒன்னோட வாராரெண்டுதானே நினைச்சம்!"

புதுசுகள் சேர்ந்து வரட்டும் என்று நாங்கள் பெருந்தன்மையாக விட்டிருந்தோம். மாப்பிள்ளை ஆண்களோடு இருப்பார் என்று அவர்கள் விட்டிருந்தார்கள். சட்டியை மட்டும் மறக்காமல் ஏற்றியிருந்தோம்.

பொழுது சாய்ந்தால் அந்த மலையடியில் யானை இறங்கும். மகளையும் ஏற்றிக்கொண்டு வேனைத் திருப்பினோம். அந்த நேரம் பார்த்தா அவருடைய போன் அடிக்க வேண்டும்? அவருடைய உம்மா!

மகள்தான் எடுத்தாள். "அவரு இன்னும் மலையப் பாத்துக்கிட்டு இரிக்காரு மாமி."

பொய்யா? இல்லையே!

வழி முழுக்க ஸலவாத்து ஓதினேன். அந்தி மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். மலையடிப் பெட்டிக்கடை வாசலில், கையில் இளநீரோடு மாப்பிள்ளை! அல்ஹம்துலில்லாஹ்... போன உயிர் திரும்பி வந்தது. உண்மையாகவே கண் கலங்கிவிட்டேன்.

நான் வாய் திறக்குமுன் மகள் குதித்து இறங்கினாள்.

"கடைக்காரர்ட போன்ல ஒரு கோல் எடுக்கேலாதா?"

"ஒருத்தர்ட நம்பரும் பாடமில்ல..."

"என்ட நம்பருமா?"

மாப்பிள்ளை இளநீரைப் பார்த்தார்.

"இனி எங்க போனாலும் என்ட பக்கத்திலதான் இரிக்கணும். விளங்கிச்சா?"

"ஓம்," என்று ஆமோதித்துத் தலையாட்டினார்.

வேனில் வந்த சனமெல்லாம் ஜன்னலால் எட்டிப் பார்த்தது. எனக்கு மட்டும் அப்பாடா என்றிருந்தது. இனி இந்தக் குடும்பம் ஓடும்!

முப்பது வருடமாக எங்கள் வீட்டில் நானும் அந்த 'ஓம்' ஒன்றைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்...