யார் முகம் பெரிது

மகளின் காதுகுத்துக்குப் பேனர் போடக் கடைக்குள் நுழைந்ததுமே புது ஃபிளெக்ஸின் காரமான மை வாடை தொண்டையைப் பிடித்தது.

“யார் படம் பெருசா வரணுங்க அக்கா? பாக்கறவங்க கண்ணு மொதல்ல அங்கதான் போவும்,” என்றார் டிசைனர்.

எனக்கு எட்டு வயதில், தம்பியின் காதுகுத்தன்று, நல்லம்பள்ளி மண்டப வாசலில் இதே வாடையோடு ஒரு பேனர் நின்றது. பெரியப்பா அதில் ஆளுயரத்துக்குச் சிரித்தார். தம்பியை மடியில் வைத்துக் காது குத்தவேண்டிய தாய்மாமன், மூலையில் தபால்தலை அளவில் இருந்தார். சீர்த்தட்டோடு வந்த மாமா அதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என் மூஞ்சிய எறும்பாட்டம் போட்டுருக்கீங்களே, யாரு வேலைங்க இது?”

“ஒன் மூஞ்சிக்கு அதே சாஸ்திடா மாப்ள,” என்றார் பெரியப்பா.

மாமா தட்டை வீசிவிட்டு, பேனர் கட்டியிருந்த சவுக்குக் கழியைப் பிடுங்கி அடித்தார். பெரியப்பாவின் பல் தெறித்தது. அவருடைய மகன்கள் மாமாவைத் தள்ளி மிதித்தார்கள். விலக்கப் போன அப்பாவின் மண்டையை யாருடைய கழியோ பிளந்தது. சரிந்து கிடந்த பேனரின் மேலேயே அவர் விழுந்தார். அதிலிருந்த அத்தனை முகங்களில் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கண் அந்தச் சிவப்பை விட்டு நகரவே இல்லை.

“பாப்பா படம் நடுவுல பெருசா இருக்கட்டும். என் தம்பியும் எங்க வீட்டுக்காரரோட அண்ணனும் ஒரே அளவுல, ஆளுக்கொரு பக்கம்,” என்றேன்.

“அப்பவும் எடது பக்கம் இருக்கறவருதாங்க மொதல்ல.”

“பேனரே வேணாம், விடுங்க.”

மடியிலிருந்த மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். இனி இருவருக்கும் என்மேல்தான் கோபம் வரும். வரட்டும்.