போகிக்குப் பின் வழி மறந்த சுண்டெலிகள்

2025 ஜனவரி 13, போகி. அன்று காலை மலர்க்கொடி வீட்டில் ஒரு பழைய பாயை எரித்தார். வேலைக்குப் போன இடத்திலும் கொஞ்சம் எரித்தார்.

வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துக்காரர். வயது நாற்பத்து மூன்று. தஞ்சாவூர் அருகே ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளைப் பராமரிக்கும் தற்காலிக வேலை. எலிக்கு மருந்து கொடுக்கிற இடம் என்று ஊரில் சொல்லப்போக, எதிர்வீட்டு வைரக்கண்ணு பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் ரெண்டு பாக்கெட் எடுத்துட்டு வாம்மா. வயல்ல கதிரை வெட்டித் தள்ளுது."

"அது சாகடிக்கிற மருந்து இல்லண்ணே. ஞாபகம் வர்ற மருந்து."

"வருசா வருசம் என் வயலுக்கு வழி மறக்காமத்தான் வருதுங்க. அதுங்களுக்கு ஞாபக மருந்து வேறயா?"

ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகள் வேறு ரகம். அல்சைமர் மறதிநோய் வரும்படியே பிறக்க வைக்கப்பட்டவை. மூளையில் கெட்ட புரதத்தைச் சேர்க்கும் மரபணுவின் வாயை அடைக்கும் ஊசியை அவற்றில் பாதிக்குப் போட்டிருந்தார்கள். பலன் தெரிய ஒரு நீச்சல் தேர்வு. பால் பவுடர் கலந்த தொட்டியில் எலியை விடுவார்கள். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று நினைவு வைத்து அது ஏற வேண்டும். கடைசித் தேர்வில் தேறினால் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் அந்த மாதக் கடைசியில் எலி அறைக்குப் பூட்டு, மலர்க்கொடிக்கும் வேலை போய்விடும்.

ஊசி போட்ட எலிகள் பொங்கலுக்கு முன்பு ஜோராக மேடை ஏறிக்கொண்டிருந்தன. லீவு முடிந்து நடந்த கடைசித் தேர்வில் ஒன்றுகூட ஏறவில்லை. எல்லாம் வட்டமடித்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த, நோயே இல்லாத எலிகளும் வட்டமடித்தன.

"மறதி தொத்திக்குமா மேடம்?" என்று மலர்க்கொடி கவலையோடு கேட்டார்.

"தொத்தாதுக்கா." ஆய்வாளர் இர்ஃபானா கூத்தாநல்லூர்க்காரர், இரண்டு வருட உழைப்பு தொட்டியில் சுற்றுவதைப் பார்த்து முகம் வாடிப்போயிருந்தார். தலையை நிமிர்த்தியவர் சுவரைப் பார்த்தார். "இங்க ஒட்டியிருந்த முக்கோணப் படம் எங்கக்கா?"

"அதுவா? போகி வந்துச்சுல்ல."

"வந்துச்சு. அதுக்கு?"

"ஓரமெல்லாம் கிழிஞ்சு அழுக்கா இருந்துச்சு மேடம். வட்டம், கோடு போட்டது, எல்லாத்தையும் பிச்சுக் கொளுத்திட்டேன். பாருங்க, சுவரு எப்படிப் பளிச்சுனு இருக்கு!"

இர்ஃபானா பக்கத்திலிருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். "அக்கா, மேடை எங்க இருக்குன்னு எலி அந்தப் படங்களைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கும். நீங்க ஊருக்குள்ள இருந்த போர்டையெல்லாம் புடுங்கிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்லுன்னு கேட்டிருக்கீங்க."

மலர்க்கொடி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "சார் சீட்டைக் கிழிச்சிருவாரா?"

சார் என்பது ஆய்வுத் தலைவர் மதிவாணன். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வீட்ல என்னம்மா கொளுத்துனீங்க?"

"பழைய பாய் சார்."

"அதோட நிறுத்தியிருக்கலாம்ல?"

இர்ஃபானா குறுக்கே புகுந்தார். "சார், மருந்து தோக்கல. சுவரு மாறுனதுல நோயில்லாத எலியே தடுமாறிடுச்சு. புதுப் படம் ஒட்டி முதல்லேருந்து பழக்கணும். இப்ப வேற ஆளைப் போட்டா, புது வாசனைக்கே மிரண்டு ஒழுங்கா நீந்தாது. அக்கா கைன்னா சும்மா படுத்துக்கும்."

மதிவாணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எலிங்க படத்தைப் பாத்துத்தான் வழி கண்டுபிடிக்குதுன்னு செலவே இல்லாம நிரூபிச்சிட்டீங்க. அறிக்கையில உங்க பேரைப் போடவா?"

"பேரு வேணாம் சார். வேலையைப் போடுங்க."

அன்று மாலையே நிர்வாகத்திடம் ஆய்வுக்கு அவகாசம் கேட்டார்கள், கிடைத்தது. மலர்க்கொடியின் வேலை ஜூன் கடைசி வரை நீட்டிக்கப்பட்டது. மறுபயிற்சி பிப்ரவரி முதல் திங்கட்கிழமை தொடங்கியது.