நீலத் திரையில் கலைந்த கடதாசி ஆட்டம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, என்னுடைய மூன்று சிநேகிதர்களையும் நானே வீட்டை விட்டுத் துரத்திவிட்டேன்.

பயப்படாதீர்கள். கைகலப்பெல்லாம் இல்லை. ஒரு பட்டனைத் தட்டினேன் — அவ்வளவுதான்.

என் லப்டொப்பின் மூலையில் சில நாட்களாக ஒரு மஞ்சள் முக்கோணம். திறந்து பார்த்தால், 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு ஓஃபில் இருக்கிறதாம், ஆபத்து வரலாமாம். ஓய்வுபெற்ற அரசாங்கக் கிளார்க் நான். எச்சரிக்கை என்று ஒன்று வந்தால் கை சும்மா இருக்குமா? உடனே ஓன் பண்ணினேன். ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். முக்கோணம் போய்ப் பச்சை நிறத்தில் 'சரி' வந்தது. சோதனை பாஸ் பண்ணின சந்தோசத்தோடு தேத்தண்ணிக் கோப்பையைப் பக்கத்தில் வைத்து, வழக்கமான சீட்டாட்டத்தைத் திறந்தேன்.

திரைக்குள் நிசாம் கடதாசி பிரிக்கத் தொடங்கினான். இரண்டு கடதாசிதான் வந்தது... திரை முழுக்க நீலம். மெஷின் தானாகவே நின்று, தானாகவே எழும்பியது. திரும்பத் திறந்தேன். திரும்பவும் நீலம். மூன்றாம் தரமும் அதே கதை.

விசயம் இதுதான். துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் நாங்கள் நாலு பேர் ஒன்றாக வேலை பார்த்தோம் — கிண்ணியா நிசாம், பிரான்சிஸ், தம்பலகாமம் செல்வராசா, நான். மத்தியானச் சோறு முடிந்தால் முந்நூற்றிநாலு. நாலு பேர் ஆடும் கடதாசி விளையாட்டு. எதிரெதிரே இருக்கிறவர்கள் ஒரு கட்சி. ஜாக்கை நாங்கள் வீரன் என்போம், அதுதான் எல்லாவற்றுக்கும் மேல்; மற்ற இனக் கடதாசிகளை வெட்டுகிற இனம் துரும்பு.

நிசாமுக்குப் புரோகிராம் எழுதுகிற பைத்தியம். எங்கள் ஆட்டத்தையே கம்ப்யூட்டரில் எழுதிவிட்டான், எங்கள் பெயரும் குணமும் உட்பட! பிரான்சிஸ் கடதாசி போடப் பத்து விநாடி யோசிப்பான். என் கட்சிக்காரன் செல்வராசா பெரிய கேள்வி கேட்டால் — இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏற்றிக் கூறினால் — துரும்பு வீரன் அவன் கையில் இருந்தே தீரும்.

அது அந்தக் காலத்து விண்டோஸில் மட்டுமே ஓடுகிற ஆட்டம். ஆறு வருடத்துக்கு முன், என் மனைவி போய்ச் சேர்ந்த மாதம், நிசாம் ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். புதுக் கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதுபோல் நடிக்கிற மென்பொருளைப் போட்டு, அதற்குள் ஆட்டத்தை வைத்துத் தந்தான்.

"ஐசே, இனித் தனியா இரிக்கத் தேவல்ல. எங்கட ஆக்கள் எல்லாரும் இதுக்குள்ள இரிக்காங்க" என்றான்.

இரண்டு வருடத்தில் அவனும் மௌத்தாகிவிட்டான். பிரான்சிஸ் டொரொன்டோவுக்குப் போய், நத்தார் பண்டிகைக்கு மட்டும் ஒரு படம் அனுப்புகிறான். ஆனால் தினமும் பத்து மணிக்கு நாங்கள் நாலு பேரும் ஆடிக்கொண்டுதான் இருந்தோம். செவ்வாய்க்கிழமை வரை.

பாலையூற்றில் இருக்கும் பர்வீன் டீச்சருக்குப் போன் எடுத்தேன். பாடசாலையில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவர். பின்னேரம் வந்து, எங்கள் நாலு பேரின் கதையையும் கேட்டு, மெஷினைப் பார்த்தார்.

"சேர், இத ஆரு ஓன் பண்ணின?"

"நான்தான் டீச்சர். மஞ்சள் காட்டிச்சுது..."

"இந்தப் பாதுகாப்பு கம்ப்யூட்டர்ட அடியில போய் இருந்திட்டு. உங்கட பழைய சொப்ட்வெயாருக்கும் அந்த இடம்தான் வேணும். ரெண்டும் முட்டுது, மெஷின் விழுது."

"அப்ப ஓஃப் பண்ணுவம்."

"ஓஃப் பண்ணினா ஓடும். ஆனா இதிலதானே சேர் நீங்க பேங்க் வேலையும் பாக்கிறீங்க? எனக்கு அது மனமில்ல. புது வேர்ஷன் போட்டுப் பாப்பம். சோதனைப் பேப்பர் திருத்தி முடிய ரெண்டு கிழமை செல்லும்."

இரண்டு கிழமை! என் முகத்தைப் பார்த்திருப்பார் போலும். கதவடியில் நின்று திரும்பிக் கேட்டார்: "இதுக்குள்ள இருக்கிற ஆக்கள்ல இப்ப ஆரு சேர் உயிரோட இருக்கிற?"

பிரான்சிஸ், செல்வராசா என்றேன். செல்வராசா எங்கே என்று கேட்டார். தம்பலகாமம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் கூட இல்லை.

அன்றிரவு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். வாசலில் கேமரா. கேற்றுக்கு இரண்டு பூட்டு. தெரியாத நம்பர் என்றால் போனே அடிக்காதபடி செட்டிங். இவ்வளவையும் யாருக்குப் பயந்து செய்தேன்? நாலு வருடமாக அந்தக் கேமராவில் மீட்டர் பார்க்கிறவரையும் பூனையையும் தவிர யாரும் விழுந்ததில்லை. எனக்குத் தனிமையாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே வாய்விட்டுச் சொன்னேன்.

ஞாயிறு காலை பஸ் ஏறினேன்.

செல்வராசா வேலியடியில் நின்றான். மெலிந்திருந்தான். என்னைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது.

"டேய்... ஆர் செத்தது?"

அவன் கேட்டதில் பிழையில்லை. கடைசியாக நாங்கள் சந்தித்தது நிசாமின் ஜனாஸாவில். அதற்கு முன் என் மனைவியின் செத்தவீட்டில்.

"ஒருத்தரும் சாகேல்லையடா. கம்ப்யூட்டர் வேலை செய்யேல்ல. அதான் வந்தனான்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி, உள்ளுக்கு வா" என்று கதிரையை இழுத்துப் போட்டான். மத்தியானம் சாப்பிட்ட கையோடு கடதாசிக் கட்டு வெளியே வந்தது. அவனுடைய மனைவியும் பக்கத்து வீட்டு டிராக்டர்க்காரரும் ஒரு கட்சி. நானும் அவனும் ஒரு கட்சி.

கடைசி ஆட்டம். செல்வராசா பெரிய கேள்வி கேட்டான். எனக்குச் சந்தேகமே இல்லை — வீரன் இவனிடம்தான். ஆறு வருடமாகத் தினமும் பார்க்கிறேனே! கையிலிருந்த துரும்பு ஒன்பதை, இருபது புள்ளியை, துணிந்து போட்டேன்.

டிராக்டர்க்காரர் சிரித்துக்கொண்டே வீரனை அதன் மேல் போட்டு அள்ளினார்.

செல்வராசா கடதாசியை மேசையில் அடித்தான். "வீரன் என்னட்டை இருக்கெண்டு உனக்கு ஆரடா சொன்னது?"

நிசாம் சொன்னான் என்று எப்படிச் சொல்ல?

"நான் சும்மா வெருட்டிக் கேட்டனான்! என்ரை மூஞ்சையைப் பாத்து விளங்கேல்லையே உனக்கு?"

இல்லை, விளங்கவில்லை. முகத்தைப் பார்த்து ஆடுவதே எனக்கு மறந்து போயிருந்தது.

"காணும், விடுங்கோவன்" என்று அவன் மனைவி சொல்லியும் அவன் விடவில்லை. பஸ் தரிப்பு வரை திட்டிக்கொண்டே வந்தான். பஸ் வெளிக்கிட்ட பிறகும் கீழே நின்று ஏதோ கத்தினான். தலையை வெளியே நீட்டிக் கேட்டேன்.

"வாற ஞாயிறு வா! உனக்குக் காட்டுறன்!"

அதட்டல்தான். ஆனால் எத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு மனிதன் என்னை நாள் குறித்துக் கூப்பிடுகிறான்!